அலாரம் அடித்தபோது ஆரணி எங்கே இருந்தாள்?

இந்த வருடம் உங்களில் சிலர் டென்மார்க் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போகிறீர்கள். ஓய்வு பெற்றவள் என்ற முறையில் நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் இல்லை. டேனிஷில் கேட்டிருந்தால் நாகரிகம் பார்த்து எழுதியிருப்பேன். தமிழில் கேட்டது உங்கள் பிழை.

முதல் நாளே வகுப்பறைச் சுவரில் அந்தப் படத்தைக் காண்பீர்கள். வட்டமாகச் சில பெட்டிகள், பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி. கேள்வி, கருதுகோள், பரிசோதனை, அவதானிப்பு, முடிவு. பார்க்க அழகாக இருக்கும். பிள்ளைகள் ஒரு கிழமைக்குள் அதைப் பாடமாக்கிவிடுவார்கள். கருதுகோள் என்றால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம். சாரா மாறி என்றால் நாங்கள் மாற்றுவது. சார்ந்த மாறி என்றால் அதனால் மாறுவது. கட்டுப்பாடு என்றால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மாற்றாமல் வைத்திருப்பது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிறகு அவர்கள் எழுதும் அறிக்கைகளை வாசியுங்கள். நான் வருடக்கணக்காக வாசித்தேன். ஒரு பிள்ளையின் கருதுகோளாவது பிழைத்ததை நான் காணவில்லை. எப்படிப் பிழைக்கும்? பரிசோதனை முடிந்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், பழைய ஊகத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதிவிடுகிறார்கள். இந்தக் கள்ளத்தை அவர்களாகக் கண்டுபிடிக்கவில்லை. சரியான ஊகத்துக்கு மட்டும் பாராட்டுப் போடும் ஆசிரியர்கள் பழக்கிவிட்டது. அந்த ஆசிரியர்களே பாடசாலையைச் சுற்றிக்காட்டும் நாளில் வினாகிரியையும் சோடாவையும் கலந்து எரிமலை பொங்க வைத்துவிட்டு, பரிசோதனை காட்டினோம் என்று பெற்றோருக்குச் சொல்வார்கள். அது சமையல். சமையலில்கூட இடையில் உப்புப் பார்ப்பார்கள்.

வைலேயில் நான் கடைசியாகப் படிப்பித்த பாடசாலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பாடசாலை நகரத்துக்கு மேலே மேட்டில் இருந்தது. பௌதிகமும் இரசாயனமும் படிப்பிக்கும் என் அறை மேல்மாடியில், நீண்ட கொரிடோரின் கடைசியில். கொரிடோரின் நடுவில் ஒரு பக்கம் மாணவிகளின் கழிப்பறை, அதற்கு நேரெதிரே சமையல் வகுப்பறை. இங்கே சமையலும் ஒரு பாடம். அந்த இரண்டு கதவுகளுக்கும் இடையில், கூரையில், வெள்ளைச் சிரட்டையைக் கவிழ்த்து ஒட்டியது போல ஒரு புகை உணரும் கருவி. அந்தக் கருவிதான் அந்த இலையுதிர் காலத்தில் எங்களை ஆட்டி வைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அலாரம் அடித்தது. முழுப் பாடசாலையும் முற்றத்தில் மழைக்குள் நின்றது. தீயணைப்பு வண்டி வந்தது, நெருப்பைக் காணாமல் போனது. சில கிழமை கழித்து இன்னொரு செவ்வாய். மறுபடியும் மழை, வண்டி, ஏமாற்றம். மூன்றாம் தரம் நடந்தபோது உப அதிபர் துப்பறியத் தொடங்கினார்.

உப அதிபரைப் பற்றி ஒரு வார்த்தை. கெட்டவர் இல்லை. பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவருவார். எல்லா வகுப்பறைச் சுவரிலும் அந்த அம்புக்குறிப் படத்தை வரவழைத்து ஒட்டியதும் அவர்தான். ஒட்டினார், வாசிக்கவில்லை.

அன்று மாலை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"ரதி, மூன்று தரமும் உங்கள் எட்டாம் வகுப்புக்குத்தான் பாடம். மூன்று தரமும் ஆரணி கழிப்பறைக்குப் போயிருந்திருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள்."

"அவள் ஒவ்வொரு பாடத்திலும் போகிறாள்."

"அதைத்தானே சொல்கிறேன். போய் வேப் பிடிக்கிறாள்." வேப் என்பது பழ வாசனை வரும் மின்சிகரெட். அந்த வருடம் பிள்ளைகளின் சட்டைக் கைக்குள் எல்லாம் அது இருந்தது.

"சரி. அவள் வெளியில் போயும் அலாரம் அடிக்காத நாட்கள் எத்தனை?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அடிக்காத நாட்களை வைத்து என்ன செய்ய, ரதி? பிரச்சினை அடித்த நாட்களில்தானே."

இந்த வசனத்தை அவர் ஒட்டிய படத்துக்குக் கீழேயே நின்று சொன்னார்.

எதிரே சமையலறை இருக்கிறதே என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். சமையலறைக்குள் தனியாக ஒரு கருவி இருந்தது, சூடு கூடினால் அடிப்பது. அது அடிக்கவில்லை. ஆகவே சமையலறை குற்றமற்றது. சமையலறைக் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும் என்று சமையல் ஆசிரியையும் சொல்லிவிட்டார். கதவை யாராவது போய்ப் பார்த்தார்களா என்றேன். ஒரு சக ஆசிரியையின் வார்த்தையை நான் சந்தேகிப்பதாக அவர் வருத்தப்பட்டார்.

ஆரணி கடைசி வாங்கில் இருப்பாள். சட்டைக் கைகளை விரல்நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தெரியும் வானத்தைப் பார்த்தபடி. தாயும் தகப்பனும் மட்டக்களப்புப் பக்கம். தாய் முதியோர் இல்லத்தில் வேலை, தகப்பன் தொழிற்சாலையில். அவள் இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டாலும் டேனிஷில்தான் பதில் வரும். வேப் பிடிப்பாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவளுடைய ஜாக்கெட்டில் ஒரு நாள் மாம்பழ வாசனை வந்தது என்று ஒரு சக ஆசிரியை சாட்சி சொன்னார். அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரிலும் ஏதாவது ஒரு பழ வாசனை அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆசிரியர் ஓய்வறையில் இரண்டு நாளில் வழக்கு முடிந்துவிட்டது. காலையில் தங்கள் வகுப்புகளுக்குச் சாரா மாறியைப் படிப்பித்துவிட்டு வந்த மனிதர்கள், கோப்பியைக் கையில் எடுத்ததும் "அவளாகத்தான் இருக்கும்" என்றார்கள். விஞ்ஞானத்தை வகுப்பறைக் கொக்கியில் மேலங்கியோடு மாட்டிவிட்டு வருகிறவர்கள். இவர்களை நீங்களும் சந்திப்பீர்கள்.

உப அதிபர் நாலு தீர்மானம் எடுத்தார். பாட நேரத்தில் ஆரணி வெளியே போகக் கூடாது. பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவது. கொம்யூனின், அதாவது நகரசபையின், குடும்பப் பிரிவுக்கு இந்தப் பிள்ளையைப் பற்றிக் கவலை இருப்பதாக அறிவிப்பது. குடும்பப் பிரிவு சம்மதித்தால் வேறு பாடசாலைக்கு மாற்றுவது. இந்த நாட்டில் எங்கள் பெற்றோருக்கு, பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்தெடுக்கக்கூடிய கொம்யூனின் குடும்பப் பிரிவு என்ற சொல்லைக் கேட்டாலே சாப்பாடு இறங்காது. அது உப அதிபருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் முயலவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை ஆரணியின் தாய் என் வீட்டுக்கு வந்தார். வேலை உடுப்போடு, மேலே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு. கதிரையின் நுனியில் இருந்தார். தேத்தண்ணீரை முன்னால் வைத்தேன்.

"டீச்சர், என்ட பிள்ளை அப்பிடிச் செய்யமாட்டாள். உங்களுக்குத் தெரியும்தானே."

"எனக்குத் தெரியாது, தங்கச்சி."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, எனக்குத் தெரிஞ்ச குடும்பம் எண்டு. உங்கட சொல்லைக் கேப்பாங்க."

"குடும்பத்தைத் தெரியும், அதைச் சொல்லுவன். கழிப்பறைக்குள்ள அவள் என்ன செய்தவள் எண்டு நான் காணேல்லை. காணாததை எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப நீங்களும் அவள்தான் எண்டு நினைக்கிறீங்க."

"இல்லை. அதுவும் எனக்குத் தெரியாது."

"இதென்ன கதை டீச்சர்? ஒண்டில் அவள் செய்திருக்கணும், இல்லாட்டிச் செய்யாம இருந்திருக்கணும். நடுவில என்ன இருக்கு?"

"நடுவில நான் இருக்கிறன். இன்னும் பாக்காத ஆள்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கொம்யூனால ஆக்கள் வீட்ட வருவாங்க. அலுமாரியத் திறந்து பாப்பாங்க. நான் வேலை செய்யிற இடத்துக்குத் தெரியவரும். அவங்களோட நான் டேனிஷில என்னத்தைக் கதைக்கிறது? சொந்த ஆக்களே இப்பிடிச் சொன்னா?"

"பாடசாலை ஆக்களை அப்பிடி எழுதவிட மாட்டன். ஆனா அதுக்காகத் தெரியாததைத் தெரியும் எண்டு சொல்ல மாட்டன்."

தேத்தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனார். ரதி டீச்சர் வெள்ளைக்காரரோடு சேர்ந்துவிட்டாள் என்ற கதை அடுத்த கிழமைக்குள் வைலே தாண்டிச் சில்க்போர்க் வரை போய், அங்கிருந்து ஒரு பெண் எனக்கே தொலைபேசி எடுத்துக் கேட்டாள்.

நான் ஏன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? உப அதிபருக்கு ஒரு நம்பிக்கை, எனக்கு ஒரு நம்பிக்கை. அவர் மாம்பழ வாசனையைக் காட்டுவார், நான் மட்டக்களப்பைக் காட்டுவேன். இரண்டிலும் ஆதாரம் ஒரு கரண்டிகூட இல்லை. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் டீச்சர் வக்காலத்து வாங்குகிறாள் என்று அத்தோடு என் வாயை அடைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு நான் எதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாலும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்திருக்கும்.

ஆரணி வெளியே போவதைத் தடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த செவ்வாய் அலாரம் இல்லை. அடுத்த செவ்வாயும் இல்லை. ஆசிரியர் கூட்டத்தில் உப அதிபர் கைகளைக் கோத்து மேசையில் வைத்துக்கொண்டு, "அவளை உள்ளே வைத்தோம், அலாரம் நின்றது. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு கணிதப் பட்டதாரியும் ஆட்டினார்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் ஆட்டம் கண்டது. இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. பார்க்க ஒரு பரிசோதனை மாதிரியே இருந்தது. ஒன்றை மாற்றினார்கள், விளைவு மாறியது. அவளாகவே இருக்கலாம் என்று அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நினைத்தேன். நினைத்துவிட்டு, அந்த நினைப்பையும் நான் இன்னும் பார்க்காதவற்றோடு சேர்த்து வைத்தேன்.

மூன்றாம் செவ்வாய் காலை பர்னர்கள் வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு கொரிடோரில் நடந்துவருகிறேன், வெங்காயமும் இறைச்சி உருண்டையும் பொரிகிற வாசனை. அப்படியே நின்றுவிட்டேன். இந்த வாசனை இரண்டு கிழமையாக இல்லையே! சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மா பூசிய கைகளோடு நின்றார்கள்.

"போன செவ்வாய் எங்கே போனீர்கள்?"

"டீச்சருக்கு உடம்பு வருத்தம், சமையல் நடக்கவில்லை" என்றாள் ஒருத்தி.

"அதற்கு முந்தின செவ்வாய்?"

"வகுப்போடு முகாம் போயிருந்தோம்."

கதவைப் பார்த்தேன். எப்போதும் பூட்டியிருக்கும் அந்தக் கதவு, கீழே ஒரு மரத்துண்டைச் செருகி அகலத் திறந்து கிடந்தது. சாமான் தள்ளுவண்டி போய்வர வசதியாம்.

உப அதிபர் ஒன்றை மாற்றியதாக நினைத்தார். உண்மையில் இரண்டு மாறியிருந்தன. ஆரணி உள்ளே இருந்தாள், சமையலும் நடக்கவில்லை. இரண்டில் எது அலாரத்தை நிறுத்தியது என்று கடவுளுக்கே சொல்ல முடியாது. சுவரில் ஒட்டியிருக்கும் படத்தின் முதல் பாடமே இதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு உலோகங்களை அமிலத்தில் போடுகிற பாடம். தட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பலகையில் எழுதினேன்: அலாரம் ஏன் அடிக்கிறது?

வகுப்பு முழுவதும் ஆரணியைத் திரும்பிப் பார்த்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஆரணி என்பது ஒரு கருதுகோள்" என்றேன். "எழுதுகிறேன். வேறு?"

எமில் என்ற பையன் எங்கள் பர்னர்களின் புகை என்றான். ஒருத்தி கருவிக்குள் பூச்சி என்றாள். தூசி என்றார்கள், கருவி பழசு என்றார்கள், சமையலறை என்றார்கள். எல்லாவற்றையும் எழுதினேன்.

"நீ என்ன சொல்கிறாய், ஆரணி? நீ ஏன் ஒவ்வொரு நாளும் வெளியே போகிறாய்?"

"அலுப்பாக இருக்கிறது" என்றாள், டேனிஷில்.

வகுப்பு சிரித்தது.

"என்ன அலுப்பு?"

"அமிலத்தில் மக்னீசியத்தைப் போட்டால் குமிழி வரும் என்று உங்களுக்குத் தெரியும், ரதி. எங்களுக்கும் தெரியும், புத்தகத்தில் போட்டிருக்கிறது. பிறகு எதற்குக் கருதுகோள் எழுதச் சொல்கிறீர்கள்?" இங்கே பிள்ளைகள் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பிறகு பலகையைக் காட்டிக் கேட்டாள்: "இதற்கு உங்களுக்குப் பதில் தெரியுமா?"

"தெரியாது."

"உண்மையாகவா?"

"உண்மையாக. நீயாகவும் இருக்கலாம்."

அப்போதுதான் அவள் சட்டைக் கையைச் சுருட்டி மேலே தள்ளினாள்.

அதற்கு மேல் கதைக்க விடவில்லை. அலாரம் அடித்தது.

எல்லோரும் முற்றத்துக்கு ஓடினோம். ஜாக்கெட் இல்லாமல், வழமை போல மழைக்குள். உப அதிபர் என் வகுப்பு வரிசையை நோக்கி ஏறக்குறைய ஓடியே வந்தார்.

"யார் வெளியே போனது?"

"ஒருவரும் இல்லை. ஆரணி எனக்கு முன்னால் இருந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்."

அவர் வரிசையை ஒரு தரம் எண்ணிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்படியென்றால் வேறு வகுப்பில் இருக்கும் அவளுடைய சிநேகிதியாக இருக்கும். சொல்லிவைத்துச் செய்திருக்கிறார்கள்."

கருதுகோள் செத்துக் கிடக்கிறது. இவர் அதற்குச் சேலைன் ஏற்றுகிறார். உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன், இதைப் படித்தவர்கள்தான் செய்வார்கள். படிக்காதவன் தோற்றால் தோற்றேன் என்று விட்டுவிடுவான். படித்தவனுக்குத் தன் ஊகத்துக்கு முண்டு கொடுக்க எப்போதும் இன்னொரு வசனம் கிடைக்கும்.

பிற்பகல் அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை அறிவிப்பு போகிறது என்றார், தயாராக இருக்கிறது என்றார்.

"அனுப்புங்கள்," என்றேன். "அதே அன்று நானும் குடும்பப் பிரிவுக்கு எழுதுவேன். அலாரம் அடித்தபோது பிள்ளை எனக்கு முன்னால் இருந்தாள் என்று. பூட்டியிருப்பதாக நீங்கள் சொன்ன கதவு திறந்து கிடந்தது என்று. அதை நீங்கள் ஒரு தரமும் போய்ப் பார்க்கவில்லை என்று."

"இது மிரட்டல், ரதி."

"இல்லை, அவதானிப்பு. விருப்பமென்றால் அடுத்த செவ்வாய் வரை பொறுங்கள். ஒரு பாட நேரம் தாருங்கள். சோதித்துப் பார்ப்போம். அவள்தான் என்று வந்தால் உங்கள் அறிவிப்பில் நானும் கையெழுத்து வைக்கிறேன்."

கடைசி வசனத்துக்குத்தான் அவர் மசிந்தார். நான் அதைத் தந்திரமாகச் சொன்னதாக நினைக்க வேண்டாம். வைத்திருப்பேன். விடுதலை மட்டுமே செய்யக்கூடிய பரிசோதனை பரிசோதனை இல்லை.

பாடசாலைப் பராமரிப்பாளர் பிளெமிங், தீயணைப்புப் படைக்குத் தகவல் போகாமல் அலாரத்தைச் சோதனை நிலையில் வைத்துத் தந்தார். திட்டத்தைப் பிள்ளைகளே போட்டார்கள். சமையலறையில் பாத்திரம் கழுவும் பெரிய மெஷின் ஒன்று இருந்தது. ஓடி முடிந்ததும் மூடியைத் தூக்கினால் நீராவி குப்பென்று கூரைக்கு எழும்பும். புகை உணரும் கருவி நீராவியையும் புகை என்று எடுத்துக்கொள்ளும், ஆகவே அந்த நீராவிதான் சந்தேகம். கதவைச் சாத்தியும் திறந்தும், ஆரணியை வகுப்புக்குள் வைத்தும் வெளியே அனுப்பியும் பார்ப்பது. ஆரணியை ஏன் சேர்க்க வேண்டும், பாவமே என்று ஒரு பிள்ளை கேட்டது.

"என்னைச் சேர்க்காவிட்டால் அவர் நம்பமாட்டார்" என்றாள் ஆரணி. பிறகு என்னிடம், "நான் வெளியே போகும்போது என்ன செய்ய வேண்டும்?"

"வழமையாகச் செய்வதையே செய். எதையும் மாற்றாதே. மற்ற நாட்களும் இந்த நாளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்."

செவ்வாய் வந்தது. உப அதிபர் கொரிடோரில் சுவரோடு சாய்ந்து நின்றார். ஆரணி வகுப்புக்குள், சமையலறைக் கதவு சாத்தியபடி: மெஷினைத் திறந்தோம், அலாரம் அடிக்கவில்லை. எதிர்பார்த்ததுதான். ஆரணி வகுப்புக்குள், கதவு திறந்தபடி: மெஷினைத் திறந்தோம். நீராவி கொரிடோருக்குள் வந்தது. காத்திருந்தோம்.

அடிக்கவில்லை.

உப அதிபர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டார். எனக்கு அந்தத் தாயின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

எமில் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "ரதி, இதை எழுதாமல் விடுவோமா? சரிவரவில்லை. இன்னொரு தரம் செய்து அதை எழுதுவோம்."

நல்ல பிள்ளை. சிநேகிதிக்காகச் சொன்னான். பாடசாலை இத்தனை வருடமும் அவனுக்குப் பழக்கியதையும் சொன்னான்.

"எழுது. அடிக்கவில்லை என்று எழுது, கொட்டை எழுத்தில்."

எழுதினான். ஒருவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. போன கிழமைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கொரிடோரில் காவலுக்கு நின்ற பெண் பிள்ளை இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, "இங்கே குளிர் தாங்க முடியவில்லை, நாங்கள் சீக்கிரம் முடிக்கலாமா?" என்றாள்.

கொரிடோரின் மறுமுனை ஜன்னல் அகலத் திறந்திருந்தது. நீராவி கருவிக்குப் போய்ச் சேரும் முன்பே காற்று அதை வெளியே அள்ளிக்கொண்டு போயிருந்தது.

"நான்தான் திறந்தேன்," என்றார் பிளெமிங். "மழை இல்லாவிட்டால் எப்போதும் திறந்துதான் வைப்பேன்."

மழை! அலாரம் அடித்த நாளெல்லாம் முற்றத்தில் நனைந்துகொண்டு நின்றோமே. எல்லாச் செவ்வாயும் அடிக்காமல் சில செவ்வாய் மட்டும் ஏன் அடித்தது என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தால் ஜன்னலை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜன்னலைச் சாத்தினோம். முதல் இரண்டையும் மறுபடி செய்தோம். கதவு சாத்தியிருந்தபோது மௌனம். கதவைத் திறந்து மெஷின் மூடியைத் தூக்கினோம், நீராவி கூரையோரம் ஊர்ந்து போனது, கருவி அலறியது. ஆரணி உள்ளே, தன் வாங்கில். பிறகு அவள் எழுந்து கழிப்பறைக்குப் போனாள். கதவைச் சாத்தி வைத்தோம்: மௌனம். அவள் அங்கே இருக்கும்போதே கதவைத் திறந்தோம்: அலறல். கதவு திறந்தால் அடித்தது, சாத்தினால் நின்றது. அவள் எங்கே இருந்தாள் என்பது கருவிக்கு ஒரு பொருட்டாக இல்லை.

பிள்ளைகள் மேசையில் தட்டிக் கூச்சல் போட்டார்கள். உப அதிபர், "நல்லது, ஒரு தொழில்நுட்பச் சவாலைக் கண்டுபிடித்திருக்கிறோம்" என்றார். இருக்கிறோமாம். அந்த மாலையே பெற்றோருக்கு அதே வசனத்தோடு ஒரு தகவல் போனது. கருவியை இடம் மாற்றினார்கள், மரத்துண்டைக் குப்பையில் போட்டார்கள். அறிவிப்பு போகவில்லை. ஆரணியிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று அவரிடம் இரண்டு தரம் சொன்னேன். "குற்றம் சாட்டவே இல்லையே, கவலைப்பட்டோம், அவ்வளவுதான்" என்றார். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் எல்லோரும் வேறு ஏதோ ஒரு பிள்ளையைப் பற்றித் தலையாட்டினார்கள்.

தாயை ஒரு நாள் கடையில் கண்டேன். "பாத்தீங்களா டீச்சர், நான் அண்டைக்கே சொன்னன், என்ட பிள்ளை அப்பிடிச் செய்யாது எண்டு. நீங்கதான் நம்பேல்ல."

"ஓம், நம்பேல்லைத்தான்," என்றேன்.

என்னை அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

ஆரணி அதற்குப் பிறகு என் வகுப்பில் வெளியே போவது குறைந்தது. நான் அமிலத்தையும் மக்னீசியத்தையும் பாதியாகக் குறைத்துக்கொண்டு, எனக்கும் பதில் தெரியாத கேள்விகளைக் கொண்டுபோனேன். சிலவற்றுக்குக் கடைசி வரை பதில் கிடைக்கவில்லை. அவள் அறிக்கைகளில் முதல் ஊகத்தை அழிப்பதே இல்லை. பிழைத்துப்போன ஊகத்தின் கீழே தடித்த கோடு போட்டு வைப்பாள்.

ஒன்பதாம் வகுப்புச் சோதனை முடிந்த கடைசி நாள், நான் அறையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது வந்தாள். கதவடியில் நின்று, யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, எனக்கு ஆச்சரியமாகத் தமிழில் தொடங்கினாள்.

"டீச்சர், ஒண்டு சொல்லணும். அம்மாட்டச் சொல்லக் கூடாது."

"சொல்லு."

"நான் பிடிச்சனான்தான். வேப். அந்த மூண்டு தரமும். கழிப்பறை ஜன்னலைத் திறந்து தலையை வெளியில போட்டு."

கையில் இருந்த சோதனைக் குழாய்களைக் கீழே வைத்தேன். நாலு ஏச்சு ஏசினேன், நுரையீரலைப் பற்றிச் சொன்னேன். இப்போது விட்டுவிட்டதாகச் சொன்னாள். அதை நான் சோதிக்கவில்லை.

பிறகுதான் உறைத்தது. "அந்தச் சோதனை நாள்? உப அதிபர் வெளியில நிக்கேக்க நீ கழிப்பறைக்குள்ள போனியே. அண்டைக்குமா?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள், கேட்கத் தேவையில்லாததைக் கேட்டுவிட்டது போல.

"பின்ன? எல்லாம் வழமை மாதிரி இருக்கணும் எண்டு நீங்கதானே சொன்னீங்க. நான் பிடிக்காம இருந்தா, அது என்ன பரிசோதனை?"